சொல்லுவார் கருத்தும் கேட்பார் செவியும்

நடுநாட்டுத் தலங்களுள் ஒன்றாகிய திருமுதுகுன்றம் மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. இக்காலத்தார் அதனை விருத்தாசலம் என்றே வழங்குவர். பீங்கான் தொழிலாலும் இருப்புப்பாதைச் சந்திப்பாலும் அவ்வூரை அறிந்தோர் பலர்; மூவர் தேவாரமும் பெற்ற பதி என்பதனால் அறிந்தோர் சைவ நன்மக்கள். இத்தலத்தில் ஒரு சொல்லைப் பற்றிய வரலாறு வழங்கி வருகின்றது. அம்மையின் அருட்டிறத்துக்கு எடுத்துக்காட்டாகவே அது பெரும்பாலும் சொல்லப்படும். பேசுவோரும் எழுதுவோரும் தமக்குள்ளே வினவிக்கொள்ளத்தக்க அரியதொரு வினா அதனுள் அடங்கியிருத்தல் அத்துணையாகக் கருதப்படவில்லை.

திருவண்ணாமலையிற் குகை நமசிவாயருக்குத் தொண்டு பூண்டிருந்த குரு நமசிவாயர், ஆசிரியர் ஆணைப்படி தில்லைக்குப் புறப்பட்டார். வழியிற் பசி வந்தபொழுது அம்மையைப் பாடி அன்னம் பெறுதல் அவர்க்கு இயல்பு என்பர். திருமுதுகுன்றத்தை அடைந்தபோது பசி மிக்கது. பெரியநாயகியம்மையை நோக்கிச் சோறு வேண்டி ஒரு வெண்பாப் பாடினார். அதன்கண் அம்மையைக் கிழத்தி என்று ஒருமுறையன்றிப் பலமுறை கூறினார். அம்மை முதியவளாய் எதிர்வந்து, தன்னைக் கிழத்தியென்று பாடியது என்னையென்றும், கிழவியாயினாள் சோறு கொண்டுவருதல் எங்ஙனம் கூடுமென்றும் வினவினாள். நமசிவாயர் வாதஞ் செய்திலர். அம்மையின் இளமை நலம் தோன்ற மற்றொரு பாட்டுப் பாடினார். அம்மையும் இளம்பெண்ணாய் வந்து அன்னம் அளித்தாள். தலவரலாறு இத்துணையே.

இனி, நமசிவாயர் வழங்கிய சொல் பிழையுடையதா என்பது முதற்கண் நோக்கற்பாலது. கிழமை என்பது உரிமை. உரிமையுடையான் கிழவன்; உரிமையுடையாள் கிழத்தி. அகப்பொருள் இலக்கணத்திலே தலைவனும் தலைவியும் கிழவனும் கிழத்தியும் எனப்படுவர். ஆண்டு அவர்தம் இளமைக்கு யாதோர் இழுக்குமில்லை. மனைக்கு உரியவள் மனைக்கிழத்தி. நிலத்துக்கு உரியவர் நிலக்கிழார். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமானுடைய பெயரிலும் இச்சொல்லே நின்று ஒளிர்கின்றது. அப்பெயரைக் கேட்டு எவரும் முதுமையை நினைப்பதில்லை. சிவபெருமானுக்கு உரியவள், மலைக்கு உரியவள், உலகமெல்லாம் தன் உரிமையாக உடையவள் என்பதே புலவர் கருதிய பொருள். அகராதி கொண்டு நோக்கினும் இலக்கணம் கொண்டு நோக்கினும் அச்சொல் வழுவற்றது.

ஆயினும் கிழவன், கிழவி என்பன மூத்தோரைக் குறிக்கும் சொற்களாய் உலகவழக்கில் ஊன்றிவிட்டன. அக்குடும்பத்தைச் சேர்ந்த கிழத்தியென்னும் சொல், தனித்து நின்று செவியில் விழும்போது, பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒருங்கே ஏந்திக்கொண்டு விழுகின்றது. பாடுவார் ஒன்றைத் தொடுக்கக் கேட்பார் மற்றொன்றைப் பெறுகின்றனர். நூற்குற்றங்களுள் மயங்கவைத்தல் என்று நன்னூலார் வகுத்தது இத்தன்மையதே.

அற்றேல், கேட்டவள் முற்றறிவுடைய அம்மை அல்லளோ? அடியார் கருதிய பொருள் அவள் திருவுள்ளத்துக்கு மறைந்ததோ? அறிந்தும் வினவியது என்னை? என்று ஒரு தடை நிகழும். தடை வலியுடையதே. விளையாட்டு என்று கூறி இதனைக் கடந்துவிடுவோர் உளர். விளையாட்டேயாயினும் அதற்கும் ஒரு குறிப்பு வேண்டும்.

வாக்கு நால்வகைத்து என்பது நம் ஆசிரியர் துணிபு. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என அவை ஒன்றினும் ஒன்று பருமையுற்று வரும். மயில் முட்டையினுள் நீரில் ஐவண்ணமும் பிரிந்து தோன்றாது அடங்கியிருத்தல் போலப் பைசந்தியிலே சொற்கள் வேறுபாடின்றி நிற்கும். மத்திமையில் அவை அடைவுபட்டு, உரைப்பவனுக்கு உள்ளே நன்கு விளங்கும்; பிறர் செவிக்கு எட்டா. வைகரியே செவியிற் புகுந்து பிறர்க்குப் பொருளுணர்த்துவது. குரு நமசிவாயருடைய மத்திமையில் கிழத்தியென்பது உரிமையுடையவள் என்று ஐயமற விளங்கியிருந்தது. வைகரியாய் வெளிப்பட்டபோது அவ்விளக்கம் அதனோடு முழுதும் கூடி வரவில்லை. மத்திமையை அறிய வல்லவள் அம்மை. அப்பாட்டைப் பின்னர்ப் படிக்கும் நம்மனோர் அறிவது வைகரி ஒன்றையே. ஆகலின், அம்மை தனக்காக வினவினாள் அல்லள். பாடியவருடைய உள்ளத்தைக் காண இயலாது அவர் வாக்கை மட்டும் பெறும் கேட்போர் அனைவர்க்குமாக வினவினாள் என்று கொள்ளுதல் பொருந்தும். தில்லைக்குப் போகின்றவர் போய்விடுவார், பாட்டு இருக்கும்.

எழுதுவோர் மிகுதியும் இடறி விழுமிடம் இதுவே. தம் கருத்துத் தமக்கு விளக்கமாயிருத்தலின், எழுதிய சொல்லும் அத்துணை விளக்கமுடையதென்று நம்பிவிடுகின்றனர். வாசித்தவர் மாறாகப் பொருள்கொண்டு வருந்தினால், 'நான் கருதியது அதுவன்று. நிகண்டைப் பார்க்க' என்று விடையிறுக்கின்றனர். நிகண்டு அவர் பக்கமே சான்று கூறும். ஆயினும் வருந்தியவர் நெஞ்சு நிகண்டினால் ஆறுவதன்று. ஒரு நொடியிற் பல்லாயிரவர்க்குச் செய்தி செல்லும் இக்காலத்தில், முகம் காணாது, குரல் கேளாது, வெற்றெழுத்தை மட்டும் பெறுவோர் தொகை பெருகியிருக்கின்றது. மயக்கமும் அவ்வளவிற்கு வளர்ந்திருக்கின்றது.

இத்தலத்தின் பெயர்களிலும் இவ்வகை மயக்கம் ஒன்று உண்டு. தேவாரத்திற் பயில்வது திருமுதுகுன்றம் என்பது. முதுமை விருத்தம் ஆயிற்று. குன்றம் அசலம் ஆயிற்று. சொல்லுக்குச் சொல் நேரே வைத்த பெயர்ப்பு அது. அதிற் பிழை காண்டல் அரிது. அம்மையின் பெயரோ அங்ஙனமன்று. பெரியநாயகி என்பதிற் பெரிய என்பது பெருமையைக் குறிப்பது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் அதே தமிழ்ப் பெயர் பிருகந்நாயகி என வடமொழியில் வழங்கும். அது பெருமைப் பொருளை அவ்வாறே காக்கின்றது. ஈண்டு விருத்தாம்பிகை என்று வழங்குதலால், பெருமை முதுமையாயிற்று. விருத்தம் என்னும் சொல் வடமொழியில் வளர்ச்சிப் பொருளினின்றும் பிறந்ததென்பது உண்மையே; தமிழர் செவியில் அது விருத்தரையே நினைப்பிக்கும். ஊர்ப்பெயரை ஒட்டி அம்மைக்கும் அப்பெயர் அமைந்தது போலும். நமசிவாயர் பாட்டில் நேர்ந்த மயக்கத்துக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பைத் தருவது. முதுமையென்னும் எண்ணம் அவ்வூர்க் காற்றிலேயே கலந்திருந்தது. அங்கே கிழத்தியென்னும் சொல்லை வழங்கியவர் பிறிதோர் ஊரில் வழங்குவதினும் மிக்க விழிப்போடு இருந்திருக்க வேண்டும்.

நிற்க. நமசிவாயர் இரண்டாம் பாட்டைப் பாடியதை முகமன் என்று ஒருவர் இகழலாம். சோற்றுக்காகச் சொல்லை மாற்றினார் என்னலாம். அஃது அவ்வாறன்று. முன்னைப் பழம்பொருட்கும் முற்பட்டவளும், எஞ்ஞான்றும் மூவாதவளும் அம்மையே. முதியவள் என்பதும் மெய். இளையவள் என்பதும் மெய். உரிமையுடையவள் என்பதும் மெய். மெய்யல்லாத சொல்லைக் கூறி மகிழ்வித்தாரல்லர். மெய்யான சொற்கள் பலவற்றுள் அவ்விடத்துக்கு ஏற்றதனை எடுத்துக்கொண்டார். தொனி என்பது மெய்யைத் தேய்த்து மென்மையாக்குவது என்று எண்ணுவார் இவ்வேறுபாட்டை நோக்குவாராக. இறந்தார் என்னாது துஞ்சினார் என்றல் மங்கலம். அதனால் இறப்பு மறைக்கப்படவில்லை.

இன்னும் ஒரு தடை. இனிய தொனியே வேண்டுமாயின், சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனை இகழ்வார்போலவும் பூசலிடுவார்போலவும் பாடியவை யாவாம்? இதே முதுகுன்றத்திற் பன்னீராயிரம் பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்தவர் அவர். அவர் நாவிற் பிறந்த வன்சொற்கள் பல. அவற்றை இறைவன் வெறுத்திலன். வெறாமைக்குக் காரணம் உண்டு. திருநாவுக்கரசர் நெறி தாசமார்க்கம். சம்பந்தர் நெறி சற்புத்திரமார்க்கம். சுந்தரர் நெறி சகமார்க்கம். அடிமை பேசும் முறை ஒன்று, மகன் பேசும் முறை ஒன்று, தோழன் பேசும் முறை மற்றொன்று. வன்றொண்டன் என்னும் பெயரை இறைவனே அவர்க்கு இட்டு, பாட்டே தனக்கு அருச்சனை என்றும் பணித்தான். தோழமை முன்னே அமைந்தது. வன்சொல் அதன்மேல் எழுந்தது. இதனை நோக்காது, தோழமை சிறிதும் இல்லாதவிடத்து வன்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, 'நாங்கள் வன்றொண்டர் வழியினர்' என்று சொல்லிக்கொள்வது சிலர்க்கு வழக்கமாயிற்று. அவர்கள் பெற்றது வன்மையை, தொண்டை அன்று.

சுந்தரர் பொன்னை ஆற்றில் இடுமுன் அதில் ஒரு மச்சம் வெட்டிக் கையிற் கொண்டார். ஆரூரில் எடுத்த பொன் அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீளவும் பாடி ஒப்பச் செய்தார். இறைவன் தந்த பொன்னையும் உரைத்துப் பார்த்தவர் நாயனார். தாம் எழுதிய சொல்லை ஒருமுறை உரைத்துப் பாராது அச்சுக்கு அனுப்புவோர் அவரினும் நம்பிக்கை மிக்கவர் போலும்.

இதுகாறும் கூறியது கொண்டு, கேட்பார் செவிக்கு ஏற்ப எச்சொல்லையும் மாற்றலாம் என்று கொள்ளற்க. மாற்றலாகாத இடங்களும் உள. விருத்தாசலத்துக்கு அணித்தாகிய பெண்ணாகடத்தில் அவதரித்த மெய்கண்ட தேவர் அத்துவிதம் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்ட முறையைக் காண்க. அச்சொல்லை ஒன்றே என்று பொருள்படுத்துவோர் ஒருபாலும், அதனை ஏலாது இரண்டென்போர் ஒருபாலும் நின்றனர். மெய்கண்டார் அச்சொல்லை விடுத்து வேறு சொல் தேடினாரல்லர்; இருசாராரும் உவக்குமாறு பொருளை மங்கவைத்தாருமல்லர். அத்துவிதம் என்னும் சொல்தானே அந்நியமின்மையை உணர்த்தும் என்றார். சிவஞான முனிவர் அதனை மேலும் விளக்கினார். எதிர்மறையாகிய நஞ்ஞுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் உண்டு. எண்ணுப்பெயரோடு வருமிடத்து அஃது அன்மையையே உணர்த்தும். அநேகம் என்றக்கால் ஒன்றும் இல்லை என்பது பொருளன்று. ஒன்றல்ல என்பதே பொருள். அவ்வாறே அத்துவிதம் என்றக்கால் இரண்டாம் பொருள் இல்லை என்பதன்று, இரண்டல்ல என்பதே. ஓரெழுத்தின் பொருள் வேறுபாட்டிலே உயிரின் நிலை முழுதும் தங்கியிருக்கின்றது. இங்கே சொல்லை நெகிழ்த்தால் சித்தாந்தமே நெகிழும். வருந்துவார் வருந்துவர் என்று அஞ்சி இவ்விடத்தில் மழுப்புதல் அன்பாகாது.

ஆயின் உறுதி வேறு, கடுமை வேறு. ஆணவத்தின் இயல்பு யாதென்று செருக்கோடு நின்று வினவிய அருணந்தியார்க்கு மெய்கண்டார் ஒரு சொல்லும் கூறவில்லை. அவரையே சுட்டி நோக்கினார் என்பது வரலாறு. அதனினும் நுண்ணிய விடை இல்லை; அதனினும் அடங்கிய தொனியும் இல்லை. விடைபெற்றவர் பகைவராகாது மாணவரானார்.

1785ஆம் ஆண்டில் மறைந்த சிவஞான முனிவர், 'எடுத்து' என்னும் ஒரு சொல்லின் பொருட்டு ஒரு தனி நூலே இயற்றி, அதற்கு வைரக்குப்பாயம் என்று பெயரிட்டார். குப்பாயம் என்பது கவசம். அவருக்குப் பின் வந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் மறுப்பு நூலொன்றுக்கு வச்சிரதண்டம் என்று பெயர் வைத்தார். இருவரும் வயிரத்தையே நாடினர். ஒருவர் அதனைச் சொல்லுக்கு மெய்யுறையாக்கினார், மற்றவர் கையிற் கோலாக்கினார். முனிவருடைய மறுப்புரைகள் எல்லாம் மெல்லியன என்று சொல்லவியலாது. நாவலரும் காலத்தின் தேவை கருதியே கோலை எடுத்தார். சைவம் புறத்தாரால் பழிக்கப்பட்ட காலம் அது. சிறார்க்குப் பாலபாடம் எழுதியபோது அவர் நடை எத்துணை எளிமையும் பரிவும் உடையதாயிற்று என்பதை அறிந்தவர், தொனியை இடத்துக்கேற்ப மாற்ற வல்லவர் அவர் என்பதில் ஐயுறார்.

அங்ஙனம் வல்லார்க்கும் ஒரு சொல்லின் பொருட்டு நேர்ந்த துன்பம், விருத்தாசலத்துக்குச் சேய்மையில்லாத நிலத்திலேயே நிகழ்ந்தது. 1867இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் திருவருட்பா என்னும் பெயரோடும் திருமுறை என்னும் பகுப்போடும் அச்சேறின. அருட்பா என்பது தேவார திருவாசகாதிகட்கே உரியது. அண்மைக்காலத்தார் பாடலுக்கு அதனை இடலாகாது என்று நாவலர் தரப்பார் மறுத்தனர். அது சொல்லெல்லையைப் பற்றிய வினா. சைவர் கூடி அமைதியாக ஆராயத்தக்கது. அருள் பெற்றவர் பாடிய பாவெல்லாம் அருட்பாவா? அன்றி, முறைப்பட வகுத்த தொகுதிக்கு இட்ட காரண இடுகுறியா? இரு பக்கத்துக்கும் தக்க நியாயம் உண்டு. ஆனால் மறுப்பு நூலின் பெயரே போலியருட்பா மறுப்பு என்று எழுந்தது. மறுமொழிகளும் அவ்வாறே கடுமையுற்றன. சொல்லை ஆராயத் தொடங்கியவர்கள் ஆளை ஆராயத் தொடங்கினர். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. அடுத்த தலைமுறையில், நா. கதிரைவேற் பிள்ளை ஒருபக்கமும் மறைமலையடிகள் மற்றொரு பக்கமும் நின்று, 1903இல் சென்னையில் மீண்டும் அப்பூசலை நடத்தினர். அருட்பா என்னும் சொல்லின் எல்லை யாதென்ற முதல் வினாவோ, அவ்வளவு பூசலுக்கும் நடுவே விடையின்றியே கிடந்தது.

இதில் ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. தம் பெயரோடு சாமி என்னும் சொல்லைச் சேர்த்து இராமலிங்கசாமி என்று வழங்குவிப்பது தமக்கு உடன்பாடன்று, அஃது ஆரவாரமாகத் தோன்றுகின்றது என்று அடிகள் தம் அன்பர் ஒருவர்க்குத் திருமுகம் விடுத்தனர். இரண்டெழுத்துச் சொல் ஒன்று பிறர் செவியில் எவ்வாறு விழும் என்பதை முன்னரே உணர்ந்து அஞ்சியவர் அவர். அவ்வச்சம் அவரைச் சூழ்ந்திருந்தார்க்கும் எதிர்த்து நின்றார்க்கும் அரைப்பங்கேனும் இருந்திருப்பின், மஞ்சக்குப்பத்து நீதிபதிக்கு ஒரு வழக்குக் குறைந்திருக்கும்.

குரு நமசிவாயர்க்கும் வாதத்துக்கு இடம் இருந்தது. அகப்பொருள் நூலையெல்லாம் எடுத்துக்காட்டி, கிழத்தியென்பது உரிமைப் பெயரே என்று அம்மையின் முன் நிலைநாட்டியிருக்கலாம். வாதத்தில் வென்றும் இருக்கலாம், பசி தீர்ந்திராது. தம் சொல் கேட்டவர்க்கு வேறாகப் பட்டது என்று அறிந்த அக்கணமே, யார் பிழை என்று ஆராயாமல் மற்றொருகாற் பாடினார்.

அவர் முதலிற் பாடிய வெண்பாவை எவரும் அழித்தாரில்லை. அன்பர்கள் இன்றும் அதனை ஓதுகின்றனர். கிழத்தியென்னும் சொல் அதில் இருந்தவாறே இருக்கின்றது. திருமுதுகுன்றத்துத் திருக்கோயிலிற் பெரியநாயகியம்மை ஒரு சந்நிதியிலும், இளையநாயகி எனப்படும் பாலாம்பிகை மற்றொரு சந்நிதியிலும் எழுந்தருளியிருக்கின்றனர். வழிபடுவோர் இரண்டிடத்தும் நின்று தொழுதே புறப்படுகின்றனர்.